நிவாரணப் பணத்தில் கை வைத்தவர்களுக்கு என்ன தண்டனை?

2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னும் கலையாமல் உள்மாவட்டங்களின் மேல் மெல்ல நகர்ந்ததால், கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊர்களும் வெள்ளத்தில் சிக்கின. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கும், சேலம் மாவட்டத்தின் ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் மழை பதிவாயிற்று. டிசம்பர் 3 அன்று தமிழக அரசு நிவாரணத் தொகைகளை அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிப் பயிருக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500, பசுவுக்கும் எருமைக்கும் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய் என அந்த அறிவிப்பு அமைந்தது.

சேலம் மாநகரின் கிழக்கு விளிம்பில், உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும் விருத்தாசலம் ரயில் பாதையும் கடந்து செல்லும் அயோத்தியாப்பட்டணம் போன்ற ஊர்களில் நிலத்தை ஹெக்டேரில் யாரும் சொல்வதில்லை, ஏக்கர் கணக்குத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், நீர்ப்பாசனப் பயிருக்குரிய 17,000 ரூபாய் ஏக்கருக்கு ஏறத்தாழ 6,880 ரூபாயாகவும், மானாவாரிக்குரிய 8,500 ரூபாய் ஏறத்தாழ 3,440 ரூபாயாகவும் குறைந்துவிடுகின்றன. உழவு, விதை, களையெடுப்புக் கூலி ஆகியவற்றின் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யும் இந்தத் தொகை, அடுத்த விதைப்புக்குக் கடன் வாங்காமல் இருக்க உதவும் அளவுக்கு மட்டுமே பெரியது. இவ்வளவு சிறிய தொகையிலும் கை வைப்பவர்கள் உண்டு என்பதும், அவர்களுக்கென்றே நாடாளுமன்றம் இயற்றிய தண்டனைப் பிரிவுகள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடக்கின்றன என்பதும் நாட்டின் பல மாநிலங்களில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்ட உண்மைகள்.

பணம் நடக்கும் பாதை

நிவாரணப் பணம் எங்கே கசிகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அது விவசாயியின் வங்கிக் கணக்கை எப்படி அடைகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மாநிலப் பேரிடர் மீட்பு நிதி என்பது ஒன்றிய அரசு நான்கில் மூன்று பங்கும் மாநில அரசு ஒரு பங்கும் இட்டு நிரப்பும் நிதியாகும். எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் விதிமுறை வகுத்திருக்கிறது. பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டை எட்டினால்தான் உதவி. அதுவும் இரண்டு ஹெக்டேர் வரை மட்டுமே. சேதம் எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் உள்ளிட்ட வருவாய்த் துறையினரும் வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறையினரும் கூட்டாக வயலில் இறங்கிக் கணக்கெடுக்கின்றனர். எந்தப் புல எண்ணில் யார் எந்தப் பயிரைச் சாகுபடி செய்கிறார் என்பதைப் பசலி ஆண்டுதோறும் பதியும் அடங்கல், நில உடைமையைக் காட்டும் சிட்டா, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை சேர்ந்த பட்டியல் வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியரை அடைந்து, ஒப்புதல் பெற்றபின் பணம் நேரடியாகக் கணக்கில் ஏறுகிறது.

இந்தப் பாதையில் பொய் நுழையக்கூடிய வாசல்கள் பல. இல்லாத பரப்பு சேர்க்கப்படலாம். தரிசாகக் கிடந்த நிலத்தில் மரவள்ளி இருந்ததாக எழுதப்படலாம். 25 விழுக்காட்டுச் சேதம் 35 ஆக்கப்படலாம். 33 என்ற எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் முழுத் தொகை, அந்தப் பக்கம் நின்றால் ஒரு ரூபாயும் இல்லை என்ற விதியே கணக்கெடுப்பவரின் பேனாவுக்கு அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. நிலம் ஒருவருடையதாகவும் உழைப்பு வேறொருவருடையதாகவும் இருக்கும் குத்தகைச் சாகுபடியில், குத்தகைதாரரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், பயிரை இழந்தவர் ஒருவர், நிவாரணம் பெறுபவர் இன்னொருவர் என்ற நிலை ஏற்படுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டில் 1969-இல் சட்டம் வந்தபோதும், பெரும்பாலான குத்தகைகள் இன்னும் வாய்ச்சொல்லிலேயே நடக்கின்றன. கடைசி வாசல் வங்கிக் கணக்கு எண். பெயர் ஒருவருடையது, கணக்கு வேறொருவருடையது என்றால், மேலே உள்ள அத்தனை சரிபார்ப்புகளும் வீண்.

சட்டம் சொல்வது என்ன?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், சுனாமி தாக்கி ஓராண்டு நிறையும் தறுவாயில், அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் பத்தாம் அத்தியாயம் குற்றங்களையும் தண்டனைகளையும் கூறுகிறது. அதில் நிவாரண மோசடிக்கு நேரடியாகத் தொடர்புடையவை இரண்டு பிரிவுகள். பேரிடரை ஒட்டிய உதவி எதையும் பெறுவதற்காகப் பொய் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ கோரிக்கை வைப்பவருக்கு 52-ஆம் பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நிவாரணத்துக்கென ஒப்படைக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ கையாடுபவருக்கும், சொந்தத்துக்குப் பயன்படுத்துபவருக்கும், விற்றுவிடுபவருக்கும், அப்படிச் செய்யும்படி பிறரை வற்புறுத்துபவருக்கும் 53-ஆம் பிரிவு அதே இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

இந்த 53-ஆம் பிரிவின் வலிமை அதன் பரப்பில் இருக்கிறது. அரசு ஊழியர் மட்டுமல்லாது, லாரியில் அரிசி ஏற்றிச் சென்றவர், தார்ப்பாய் வாங்கிக் கொடுத்த ஒப்பந்தக்காரர், நன்கொடை திரட்டிய தொண்டு நிறுவனத்தின் செயலாளர் என நிவாரணப் பொருள் யார் கையில் இருந்தாலும் அவர் இதன் வரம்புக்குள் வருகிறார். நிறுவனமே குற்றம் செய்தால் அதன் பொறுப்பாளர்களைப் பிடிக்க 58-ஆம் பிரிவும், அரசுத் துறை குற்றம் செய்தால் துறைத் தலைவரைப் பொறுப்பாக்க 55-ஆம் பிரிவும் உள்ளன. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுப்பதற்கு உரிய கவனம் எடுத்துக்கொண்டதாகவோ மெய்ப்பித்தால் மட்டுமே துறைத் தலைவர் தப்ப முடியும்.

அதன் பலவீனம் தண்டனை அளவில் இருக்கிறது. அரை ஏக்கர் நிலத்தைக் கூட்டிச் சொல்லி 3,000 ரூபாய் பெற்ற விவசாயிக்கும், ஒரு வட்டத்தின் மொத்த நிவாரணத்தையே சுருட்டிய அலுவலருக்கும் இச்சட்டத்தில் உச்சவரம்பு ஒன்றே. தனக்கு உரிமையில்லாததைக் கேட்பது ஒரு குற்றம். பிறரது துயரத்துக்காகத் தன்னை நம்பிக் கொடுத்ததைத் தின்பது அதைவிடப் பன்மடங்கு கொடிய குற்றம். இவ்விரண்டையும் ஒரே தராசுத் தட்டில் வைத்தது இச்சட்டத்தை எழுதியவர்கள் செய்த பெரும் பிழை.

சாதாரணக் குற்றவியல் சட்டம் இந்த வேறுபாட்டை நூற்றாண்டுக்கு மேலாகவே அறிந்திருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட சொத்தை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது நம்பிக்கை மோசடி எனப்படும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 409-ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர், வங்கியர், முகவர் போன்றோர் இதைச் செய்தால் ஆயுள் சிறை வரை, அல்லது பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவிலும் அதே தண்டனை தொடர்கிறது. மற்றவர்கள் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு இப்போது பொதுவாக ஐந்தாண்டு வரை சிறை. ஏமாற்றிப் பணம் பெறும் குற்றத்துக்கு 318-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. போலி ஆவணம் தயாரித்தல், கணக்கைத் திரித்தல், கூட்டுச்சதி ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இவற்றுக்கு மேல், 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், தன் பொறுப்பில் உள்ள சொத்தைக் கையாடும் அரசு ஊழியருக்குக் குறைந்தது நான்காண்டு, அதிகம் பத்தாண்டு என்று வரையறுக்கிறது. பெயரைச் சேர்க்கக் கையூட்டு கேட்டவருக்கு மூன்று முதல் ஏழாண்டு.

ஒரே செயல் இரண்டு சட்டங்களின்படி குற்றமானால் எதன்படியும் வழக்கு தொடரலாம், ஆனால் இருமுறை தண்டிக்கக் கூடாது என்பது 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வகுத்த நெறி. ஆகவே நிவாரணத்தைக் கையாடியவர்மீது கடுமையான பிரிவில் வழக்கு தொடரத் தடை ஏதுமில்லை. அரசுத் தரப்பும் அதைத்தான் செய்கிறது. பேரிடர்க் காலத்துக்கென்றே இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம், பொதுச் சட்டத்தைவிட இளகியதாக இருப்பதால், தேவைப்படும் நேரத்தில் ஒதுக்கி வைக்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

மூன்று பூட்டுகள்

தண்டனை குறைவு என்பதோடு சிக்கல் முடிந்துவிடுவதில்லை. வேறு மூன்று தடைகளும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன; முதல் இரண்டும் குறைந்த தண்டனையின் விளைவுகள். பொதுவாகத் தண்டனைச் சட்டத்துக்கு வெளியே உள்ள சட்டங்களில், மூன்றாண்டுக்குக் குறைவான சிறைக்குரிய குற்றங்களில் நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வைத் தொடங்கவோ பிடியாணையின்றிக் கைது செய்யவோ முடியாது. பிணையும் உரிமையாகவே கிடைக்கும். எனவே 52, 53 ஆகிய பிரிவுகளை மட்டும் நம்பி ஒருவர் காவல் நிலையத்துக்குச் சென்றால் உடனடி நடவடிக்கையை எதிர்பார்க்க இயலாது.

அடுத்தது காலவரம்பு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்களை மூன்றாண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தாக வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதி. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அதையே தொடர்கிறது. குற்றம் நடந்தது பாதிக்கப்பட்டவருக்கோ காவல் அதிகாரிக்கோ தெரியாதிருந்தால், தெரிய வந்த நாளிலிருந்து காலம் கணக்கிடப்படும் என்ற சலுகை உண்டு என்றாலும், எப்போது தெரிந்தது என்பதே பிறகு வழக்காடு பொருளாகிவிடும். நிவாரணம் வழங்கி ஆண்டுகள் கழித்தே தணிக்கை அறிக்கை வெளிவரும் நாட்டில், இந்த மூன்றாண்டு வரம்பு குற்றவாளிக்குப் பெரும் துணை.

மூன்றாவது பூட்டு சட்டத்தின் 60-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. தேசிய, மாநில, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமோ, ஒன்றிய மாநில அரசுகளோ, அவற்றால் அதிகாரம் பெற்ற அலுவலரோ முறையீடு செய்தாலொழிய, இச்சட்டத்தின் கீழான குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது. மாவட்ட ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். நிவாரணப் பட்டியலுக்கு ஒப்புதல் கொடுப்பதும் அவரது நிர்வாகமே. தன் அலுவலகம் தயாரித்த பட்டியலைத் தானே குற்றமென்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் துணிவு எல்லா நிர்வாகத்துக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் அதே பிரிவு குடிமக்களுக்கும் ஒரு சாவி கொடுத்திருக்கிறது. அது கட்டுரையின் இறுதியில் விளக்கப்படுகிறது.

செத்தவர்களை மீண்டும் மீண்டும் சாகடித்த கணக்கு

மத்தியப் பிரதேசத்தின் சிவனி மாவட்டத்தில் உள்ள கேவ்லாரி வட்ட அலுவலகத்தில் நடந்தது, நிவாரண மோசடி எவ்வளவு எளிதாக நடக்கக்கூடும் என்பதற்கு அண்மைக்காலத்தின் மிகக் கடுமையான சான்று. பாம்புக்கடி, நீரில் மூழ்குதல், மின்னல் தாக்குதல் ஆகியவற்றால் இறந்தோர் குடும்பத்துக்கு அம்மாநிலம் 4 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2018-19 முதல் 2021-22 வரையிலான காலத்தில் 47 பேர் பெயரில் 280 மரணங்கள் காட்டப்பட்டு, 11.26 கோடி ரூபாய் கருவூலத்திலிருந்து எடுக்கப்பட்டதாக விசாரணை அறிக்கை கண்டறிந்தது. ஒரே மனிதர் ஏறத்தாழ 30 முறை பாம்பு கடித்து இறந்ததாகக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. மரணச் சான்றும், பிரேதப் பரிசோதனை அறிக்கையும், காவல்துறையின் சரிபார்ப்பும் இல்லாமலே கோப்புகள் நகர்ந்திருந்தன. ஒரு கடைநிலை எழுத்தரின் மேல் வழக்கு பாய்ந்தது உண்மை. ஆனால் ஒப்புதல் கையொப்பமிட வேண்டிய மேலதிகாரிகளின் பயனர் குறியீட்டைக் கொண்டு நான்காண்டு இப்படி நடந்ததென்றால், அதை ஒரு தனிமனிதரின் குற்றமாகச் சுருக்கிவிட முடியாது.

மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் 2022 முதல் 2024 வரையிலான பயிர்ச் சேத நிவாரணத்தில் 24 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டு, சேலம், நாமக்கல் சமவெளியின் விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே தலாட்டி எனப்படுபவர் இங்குள்ள கிராம நிர்வாக அலுவலருக்கு நிகரானவர். நிலமே இல்லாதவர்களுக்கு நிலம் காட்டியும், ஒரே நிலத்துக்கு இருமுறை பணம் போட்டும் நடந்ததாகக் கூறப்படும் இந்த முறைகேட்டில் 2025-இல் தலாட்டிகள் பலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, வழக்கும் பதிவாயிற்று. கேரளத்தில், 2018 பெருவெள்ள நிவாரணத்திலிருந்து 10.54 லட்சம் ரூபாய், வெள்ளத்தால் பாதிக்கப்படாத உள்ளூர் அரசியல் நிர்வாகி ஒருவரின் கூட்டுறவு வங்கிக் கணக்குக்குச் சென்றது 2020-இல் வெளிவந்தபோது, எர்ணாகுளம் ஆட்சியர் அலுவலக எழுத்தர் ஒருவரும் அந்த நிர்வாகியும் வழக்கில் சேர்க்கப்பட்டனர்.

புகழும் பதவியும் உயர்ந்தவர்கள்மீதும் இத்தகைய குற்றச்சாட்டு எழுந்ததற்குப் பிகார் சான்று. 2004 வெள்ளத்தின்போது பாட்னா மாவட்ட ஆட்சியராக இருந்த கௌதம் கோஸ்வாமி, நிவாரணப் பணிக்காக டைம் இதழால் ஆசியாவின் நாயகர்களில் ஒருவராகப் பாராட்டப்பட்டவர். அடுத்த ஆண்டே சுமார் 18 கோடி ரூபாய் வெள்ள நிவாரண ஊழல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை சென்றார்; வழக்கு முடியும் முன்பே 2009-இல் நோயால் இறந்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் விடை வரவேயில்லை. இந்தியாவில் நிவாரண மோசடி வழக்குகளின் உண்மையான சிக்கல் இந்தத் தாமதம்தான்.

உம்பன் புயல் 2020 மே 20 அன்று மேற்கு வங்கத்தைத் தாக்கியபின், வீடிழந்தோருக்கான 20,000 ரூபாய் உதவி ஆளுங்கட்சியினரின் உறவினர்களுக்கும் மாடிவீட்டுக்காரர்களுக்கும் போனதாகப் புகார்கள் குவிந்தன. பெற்றவர்கள் பலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். சிலர்மீது கட்சி நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் நிவாரண விநியோகத்தைத் தணிக்கை செய்யும்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு உத்தரவிட்டது. திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் குற்றம் கழிந்துவிடும் என்ற எண்ணம் நாடு முழுவதும் நிர்வாகத்தில் ஊறிப்போயிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்தது தண்டனையைக் குறைக்க ஒரு காரணமாகலாமே தவிர, குற்றத்தை இல்லாததாக்காது.

சேலம் கண்ட மோசடி

சேலம் மாவட்டம் நேரடியாக அனுபவித்தது, இதற்கு மிக அருகில் உள்ள வேறொரு மோசடி. நிலமுள்ள விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமரின் கிசான் திட்டத்தில், கொரோனா ஊரடங்குக் காலமான 2020-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5.5 லட்சம் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் வழங்கப்பட்டதாக அவ்வாண்டு செப்டம்பரில் வேளாண்மைத் துறையே அறிவித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு சேலமும் அப்பட்டியலில் இருந்தது. வட்டார வேளாண்மை அலுவலகங்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாரின் கணினி மையங்களுக்குப் போனதே இதற்கு வழி திறந்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, ஒப்பந்தப் பணியாளர் நீக்கம், அலுவலர் இடைநீக்கம், தரகர்கள் கைது எனப் பல நடவடிக்கைகள் தொடர்ந்தன. பயனாளிகளின் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, கூலித் தொழிலாளர்கள் பலரிடம் கொரோனா நிவாரணம் வருகிறது என்று சொல்லியே தரகர்கள் ஆதார் எண்ணும் வங்கிப் புத்தகமும் வாங்கியதாக அப்போது வந்த செய்திகள். அவர்கள் பெயர் விவசாயி என்று பதிவானதை அவர்கள் அறியவில்லை. கமிஷனைத் தரகர் எடுத்துக்கொண்டார். ஆனால் முழுத் தொகையும் அவர்கள் கணக்கிலிருந்தே பிடிக்கப்பட்டது. பேரிடர்ச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்து அல்லது நம்பக் காரணம் இருந்து கோரியவரையே குற்றவாளியாக்குகிறது. அறியாமல் பெயர் கொடுத்தவரையும், அவரைக் கருவியாக்கியவரையும் பிரித்துப் பார்க்க அந்தச் சொற்கள் போதும். பிரித்துப் பார்க்கும் பொறுமை விசாரணை அதிகாரிக்கு வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 52-ஆம் பிரிவை நாட்டுக்கு நினைவூட்டியதும் கொரோனாவை ஒட்டியே. கொரோனாவால் இறந்தோர் குடும்பத்துக்கு உதவித்தொகை வழங்க வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு 2021 ஜூன் 30 அன்று அது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. தொகை 50,000 ரூபாய் என்று பின்னர் முடிவாயிற்று. போலிச் சான்றுகளுடன் கோரிக்கைகள் வருவதாகப் புகார் எழவே, 2022 மார்ச் 24 அன்று நீதிபதி எம்.ஆர். ஷா தலைமையிலான அமர்வு, ஆந்திரம், குஜராத், கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களின் கோரிக்கைகளில் 5 விழுக்காட்டைச் சரிபார்க்க ஒன்றிய அரசுக்கு அனுமதி அளித்ததோடு, பொய்யாகக் கோரியவர் 52-ஆம் பிரிவின்படி தண்டனைக்கு உரியவர் என்றும் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், ஆந்திர அரசு பேரிடர் நிதியிலிருந்து வேறு கணக்குகளுக்கு மாற்றிய சுமார் 1,100 கோடி ரூபாயை இரண்டு வாரத்துக்குள் திரும்பச் செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்னதில் சிறை என்ற எச்சரிக்கை. பின்னதில் திரும்பச் செலுத்தும் ஆணை. அரசே நிதியைத் திசைதிருப்பும்போது தனிமனிதர் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை.

கடல் கடந்த இரு எடுத்துக்காட்டுகள்

சுனாமிக்குப் பிந்திய இலங்கையில் இதைவிடப் பெரிய கேள்வி எழுந்தது. அப்போது பிரதமராக இருந்த மகிந்த ராஜபக்சவின் அம்பாந்தோட்டை உதவித் திட்டத்துக்காக, சுனாமி நிவாரண நன்கொடையிலிருந்து சுமார் 8.2 கோடி இலங்கை ரூபாய் தனிக் கணக்குக்கு மாற்றப்பட்டதாக 2005-இல் புகார் கிளம்பிக் காவல்துறை விசாரணை தொடங்கியது. உச்ச நீதிமன்றம் அவ்விசாரணையை நிறுத்தியது. அத்தீர்ப்பை வழங்கிய அன்றைய தலைமை நீதிபதி சரத் என். சில்வா, ஓய்வுக்குப் பின் 2014-இல் அதற்காக நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தச் சுனாமியில் வடக்கிலும் கிழக்கிலும் வீடிழந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பால் எதுவும் மீளவில்லை.

அமெரிக்கா எதிர்த்திசையில் சென்றது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி தாக்கிய சில நாள்களிலேயே நீதித்துறை தனிப் பணிக்குழு அமைத்தது. 2011-க்குள் 1,400-க்கும் மேற்பட்டோர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம், பேரிடர் உதவி மோசடிக்கு 30 ஆண்டு வரை சிறை விதிக்க வழி செய்தது. இந்தியாவின் இரண்டு ஆண்டோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்கு. ஆனால் அந்த 30 என்ற எண்ணைவிட, புயல் ஓய்ந்த சில நாள்களிலேயே பணிக்குழு அமைந்த வேகமே பின்பற்றத் தக்கது. பிடிபடுவது உறுதி, வழக்கு விரைவில் முடிவதும் உறுதி என்றால் ஐந்தாண்டுச் சிறையே கையை நடுங்கச் செய்யும். இருபதாண்டு இழுக்கும் வழக்கில் ஆயுள் தண்டனையும் வெறும் அச்சு எழுத்து.

ஐயம் கொன்ற மக்கள்

மோசடியைத் தடுப்பதிலேயே நிர்வாகம் மூழ்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சேலம் மாவட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், நிவாரணப் பணிகளில் தேவையற்றவர்கள் நுழைந்துவிட்டார்கள் என்ற ஐயத்தோடு, ஆங்கிலேய இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், உடலுழைப்புச் செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். அன்று நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் 19.67 லட்சமாக இருந்தது; 1881-இல் 15.99 லட்சம். பத்தாண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் குறைந்துபோன அந்தக் கணக்கு முழுவதற்கும் டெம்பிளின் கூலி காரணமன்று; ஆனால் ஏய்ப்பவரைப் பற்றிய அச்சம் பட்டினி கிடந்தவரின் தட்டைச் சுருக்கியது மறுக்க முடியாத வரலாறு.

ஆகவே சட்டத் திருத்தம் வேண்டுமென்றால் அது இரு திசையில் செல்ல வேண்டும். 53-ஆம் பிரிவின் தண்டனை, அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடிக்கு நிகராக உயர்த்தப்பட்டால், காலவரம்பும் கைதுத் தடையும் தாமே விலகிவிடும். 52-ஆம் பிரிவில், சிறு தொகையைத் தவறாகப் பெற்றுத் தாமே திருப்பிக் கொடுத்தவரை அபராதத்தோடு விடுவிக்கவும், தரகரையும் தூண்டியவரையும் கடுமையாகத் தண்டிக்கவும் இடம் வேண்டும். 2025-இல் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாநகரங்களுக்குத் தனி ஆணையம் உள்ளிட்ட பல மாற்றங்களைச் செய்தது. இவ்விரு பிரிவுகளின் தண்டனை அளவைத் தொடவில்லை. இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பின் கிடைத்த நல்ல வாய்ப்பு அப்படி வீணானது வருத்தத்துக்கு உரியது.

திருத்தம் வரும்வரை இருக்கும் சட்டத்திலேயே மக்கள் செய்யக்கூடியது உண்டு. பயனாளிகள் பட்டியல் ஊரறியத் தொங்கவிடப்பட்டால், எந்தக் காட்டில் என்ன பயிர் இருந்தது, யார் வீட்டுக் கூரை பறந்தது என்பது அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் போகாது. அயோத்தியாப்பட்டணம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கூடுவதில்லை. ஆனால் அதே பெயருள்ள ஊராட்சி ஒன்றியத்தின் கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபைகளில், புல எண், பரப்பு, பயிர், தொகை ஆகிய நான்கையும் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே நான்கையும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுத்தில் கோரலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் விடையளிக்க வேண்டும்.

பட்டியல் கையில் வந்து, அதில் பொய் தெரிந்தபின், 60-ஆம் பிரிவு குடிமகனுக்குக் கொடுத்த சாவி பயன்படும். குற்றம் இன்னது என்றும், நீதிமன்றத்தில் முறையிடப் போவதாகவும் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்துக்கோ அரசுக்கோ உரிய முறையில் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் கழிந்தபின் எந்த மனிதரும் நேரடியாக நீதித்துறை நடுவர் முன் முறையீடு செய்யலாம். அந்த முப்பது நாள் நிர்வாகம் தன்னைத் திருத்திக்கொள்ளத் தரப்படும் அவகாசம். பதில் வராமலே அது கழிந்தாலும் முறையிடும் உரிமை அப்படியே நிற்கும். அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துவது நல்லது. மூன்றாண்டுக் காலவரம்பில் மோசடி தெரிய வந்த நாள் எது என்ற கேள்வி பின்னர் எழுந்தால், தகவல் அறியும் மனுவுக்கு வந்த விடையின் தேதியும் இந்த அறிவிப்பின் தேதியும் நடுவர் முன் வைக்கத்தக்க சான்றுகள்.